முதல் நாவலைத் தொடங்குவது எப்படி? சிங்கப்பூரில் இருந்து எழுத நினைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் தமிழ் வாசகர்கள் கூடும் இடங்களில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "எனக்கும் ஒரு நாவல் எழுதணும்னு ஆசை. எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல." சொல்பவர் பெரும்பாலும் இதுவரை ஒரு சிறுகதைகூட எழுதாதவராக இருப்பார். ஆனால் ஏதோ ஒன்றைப் பல வருடமாக மனத்தில் சுமந்துகொண்டிருப்பார். தாத்தா கப்பலேறி வந்த கதை, அம்மா தனியாளாக நின்று பிள்ளைகளை வளர்த்தது, தேசிய சேவையில் கூட இருந்த நண்பன், தேக்காவில் மூடிவிட்ட ஒரு கடை என்று ஏதாவது ஒன்று. இந்த வழிகாட்டி அவருக்காக.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாவலை முந்நூறு பக்கமாக நினைத்தால் யாருக்கும் பயம் வரும். அதைக் காட்சி காட்சியாக நினையுங்கள். ஒரு மனிதர், அவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், அது கிடைக்காமல் எதுவோ தடுக்கிறது. ஓர் இடத்தில், ஒரு நேரத்தில் இது நடப்பதைக் காட்டினால் அது ஒரு காட்சி. ஒன்றை எழுதிவிட்டால் அடுத்ததையும் எழுதலாம். ஐம்பது, அறுபது காட்சி சேர்ந்தால் முதல் நாவல் கையில் இருக்கும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு காட்சியை நோக்கித்தான் போகின்றன.

தொடங்கும் முன் இரண்டு தயக்கங்கள்

"என் தமிழ் அவ்வளவு நல்லா இருக்காது" என்பது முதல் தயக்கம். பள்ளியில் தமிழை ஒரு பாடமாக மட்டும் படித்து, மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் படித்தவருக்கு இந்தக் கூச்சம் இருப்பது இயல்பு. ஆனால் நாவலுக்கு அலங்காரத் தமிழ் தேவையில்லை. பக்கத்து வீட்டுச் சண்டையை உங்கள் பாட்டி எப்படி விவரிப்பார் என்பது காதில் நிற்கிறதா? அதை வைத்தே தொடங்கலாம். ஒற்றுப்பிழையும் சந்திப்பிழையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். வாசிப்பை மட்டும் வேறு யாரும் நமக்காகச் செய்து தர முடியாது. எழுதும் காலம் முழுவதும் தினமும் பத்துப் பக்கமாவது தமிழில் படியுங்கள், முக்கியமாக இந்த ஊரில் எழுதப்பட்டதை. 1965 முதல் ஐம்பது ஆண்டுகளில் வந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கி, 2015ஆம் ஆண்டில் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தார்கள். நம் புளோக்கைப் போன்ற ஒரு புளோக்கில் நடக்கும் கதையைத் தமிழில் படிக்கும்போது வருகிற துணிச்சல் வேறு எதிலும் வராது.

இரண்டாவது தயக்கம், "இங்க எல்லாம் ஒழுங்கா இருக்கு, இதுல கதைக்கு என்ன இருக்கு?" என்பது. இதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. பிறந்த வீடு, படித்த பள்ளி, பந்து விளையாடிய திடல் எல்லாம் ஒருவர் கண்முன்னாலேயே இடிபட்டு வேறொன்றாக எழுந்து நிற்கிற ஊர் இது. நான்கு ஆட்சி மொழி பேசுகிறவர்களும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறார்கள். நான்கு தலைமுறையாக இங்கே இருப்பவரும், போன மாதம் வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருப்பவரும் தைப்பூசத்தன்று ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதில் கதை இல்லையென்றால் வேறெங்கே இருக்கும்?

படி 1: ஆளைக் கண்டுபிடியுங்கள்

"தலைமுறை இடைவெளியைப் பற்றி எழுதப் போகிறேன்", "குடியேறியவர்களின் வலியைப் பற்றி எழுதப் போகிறேன்" என்று தொடங்குபவர்கள் சீக்கிரமே நின்றுவிடுகிறார்கள். அதெல்லாம் கட்டுரைத் தலைப்பு. ஒரு தலைப்பு காலையில் எழுந்து வேலைக்குப் போகாது, பொய் சொல்லாது, பசிக்கிறது என்று அடுப்படிக்கு வராது. அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும்.

இப்போதே ஒருவரை உருவாக்குவோம். வழிகாட்டி முழுக்க அவரை வைத்தே பேசலாம். பெயர் மாணிக்கம், வயது 63, பேருந்து ஓட்டுநர். ஈசூனில் மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவளும் வருங்காலக் கணவரும், விண்ணப்பித்த பிறகு கட்டித் தரப்படும் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள்.

இதுவரை வெறும் விவரம்தான். இதோடு இன்னொன்றைச் சேர்ப்போம். புது வீட்டுச் செலவில் ஒரு பங்கைத் தருவதாக மாணிக்கம் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்கு இன்னும் இரண்டு வருடமாவது வண்டி ஓட்ட வேண்டும். ஆனால் கொஞ்ச நாளாக, வெளிச்சம் குறைந்தால் வலது கண் மங்குகிறது. அடுத்த மாதம் மருத்துவப் பரிசோதனை. விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது பாருங்கள், கேள்விகள் தானாக வருகின்றன. சொல்வாரா, மறைப்பாரா? அவரை நம்பி ஏறுகிற பயணிகளின் கதி? மகளுக்குத் தெரிந்தால் கோபப்படுவாளா, அழுவாளா? நல்ல மனிதர்தான், ஆனால் செய்வது சரியில்லை. அந்த இழுபறி இருந்தால் ஒரு நாவலையே அது தாங்கும்.

உங்கள் ஆளுக்கும் இதையே செய்யுங்கள். அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, அது கிடைத்தால் யாருக்கு அடி விழும், யாரிடமும் சொல்லாத விஷயம் எது என்று நான்கு கேள்விக்கும் ஒரு தாளில் பதில் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லையென்றால் அடுத்த படிக்குப் போக வேண்டாம். இன்னும் சில நாள் அந்த ஆளோடு இருங்கள்.

சொந்தக்காரர்களை வைத்து எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. தாராளமாக எழுதலாம், ஆனால் வேலை, வயது, குடும்ப அமைப்பு மூன்றையும் மாற்றிவிடுங்கள். சிங்கப்பூரில் நம் சமூகம் சின்னது. மாமாவைப் பற்றி எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தேக்கா மார்க்கெட்டில் எதிரே வருவார். அவர் மனம் நோகக் கூடாது என்பது ஒரு பக்கம். மாற்றியபின் அந்தப் பாத்திரம் உங்கள் கைக்குள் வந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய லாபம். உண்மையில் நடந்ததுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை, கதைக்கு வேண்டியதை அவர் செய்யலாம்.

படி 2: களத்தில் நடந்து பாருங்கள்

முதல் நாவலுக்கு நடந்து போய்ப் பார்க்கக்கூடிய இடமே நல்லது. மாணிக்கத்தின் கதைக்கு ஒரு பேருந்து முனையம், ஒரு காப்பிக்கடை, ஒரு புளோக், ஒரு பலதுறை மருந்தகம் போதும். நான்கும் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஒரே இடத்துக்கு வெவ்வேறு நேரத்தில் போங்கள். விடிகாலை ஐந்தரைக்கு முதல் பேருந்து கிளம்பும்போது முனையம் எப்படி இருக்கிறது? மத்தியானம் மழை கொட்டும்போது? இரவு கடைசி வண்டி வந்தபின்? படம் எடுத்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். படத்தில் வாசனையும் சத்தமும் வராது. நின்ற இடத்திலேயே கைப்பேசியில் ஐந்து வரி குறித்துக்கொள்ளுங்கள்: என்ன கேட்கிறது, காற்றில் என்ன வாடை, யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள். ஓட்டுநர்கள் ஓய்வு நேரத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டுமா, ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். தன் வேலையைப் பற்றிப் பேச எல்லாருக்கும் பிடிக்கும்.

கதை பழைய காலத்தில் நடந்தால் வேலை கூடும். ஆனால் அதற்கு இந்த ஊரில் நல்ல வசதி இருக்கிறது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் இணைய நாளிதழ்த் தொகுப்பில் இருக்கின்றன. தலைப்புச் செய்தியை விட விளம்பரங்களைப் பாருங்கள். எந்தத் திரையரங்கில் என்ன படம் ஓடியது, புடவை என்ன விலை என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கோங் சியன் மேற்கோள் நூலகத்தில் சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்புக்கென்றே இடம் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைச் சேர்த்து வருகிறது. அவற்றில் தமிழில் பேசியவர்களும் உண்டு. அந்தக் குரல்களைக் கேட்பது பத்துப் புத்தகம் படிப்பதற்குச் சமம். அந்தக் காலத்துத் துறைமுகத் தொழிலாளி ஒருவர் எந்தச் சொல்லை எங்கே நிறுத்திப் பேசுவார் என்பது காதில் விழுந்தால்தான் எழுத்தில் வரும்.

காலப் பிழை வாசகரை உடனே வெளியே தள்ளிவிடும். இந்த ஊரில் முதல் எம்ஆர்டி ஓடியது 1987 நவம்பர் 7இல், இயோ சூ காங்குக்கும் தோ பாயோவுக்கும் இடையில். 1985இல் நடக்கும் கதையில் கதாநாயகி எம்ஆர்டி ரயிலில் ஏற முடியாது. பேருந்து, ரயில் கட்டணத்துக்கான ஈஸி-லிங்க் அட்டை வந்தது 2002இல். 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. 1981இல் சூரியன் எத்தனை மணிக்கு மறைந்தது என்று எழுதுகிறவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் ஆராய்ச்சியிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் போதும். தெரியாத விவரம் வந்தால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே எழுதுங்கள்.

படி 3: யார் சொல்லும் கதை?

மாணிக்கமே "நான்" என்று சொல்லலாம். மகள் சொல்லலாம். வெளியே நிற்கும் ஒரு குரல் சொல்லலாம். புதிதாக எழுதுகிறவருக்கு நான் சொல்வது, ஒருவருடைய தோளுக்குப் பக்கத்தில் நின்று படர்க்கையில் எழுதுவது. மாணிக்கம் பார்ப்பதையும் நினைப்பதையும் மட்டும் எழுத வேண்டும். கவிதா மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை அவள் முகத்தையும் பேச்சையும் வைத்துத்தான் வாசகர் ஊகிக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இருந்தால் கதை சிதறாது.

தமிழில் எழுதுகிறவர் இன்னொரு முடிவையும் முதல் நாளே எடுத்தாக வேண்டும். கதைசொல்லி மாணிக்கத்தை "அவர்" என்பாரா, "அவன்" என்பாரா? "மாணிக்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டார்" என்றால் நாம் சற்றுத் தள்ளி, மரியாதையோடு நிற்கிறோம். "கசக்கிக்கொண்டான்" என்றால் கூடவே வளர்ந்தவர் மாதிரி நெருங்கி நிற்கிறோம். 63 வயதுக்காரரை இன்று "அவர்" என்றும், அவருடைய இருபது வயதுக் காட்சிகளில் "அவன்" என்றும் எழுதுவது அழகாக இருக்கும். எப்படி வேண்டுமானாலும் முடிவெடுங்கள், ஆனால் தெரிந்து எடுங்கள். பாதி நாவலுக்குப் பிறகு மாற்ற நினைத்தால் ஒவ்வொரு வினைமுற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

படி 4: ஒரு பக்கத்தில் ஒரு வழி

முழுத் திட்டம் வேண்டாம். ஒரே தாளில் ஐந்து நிறுத்தம் போதும்.

மாணிக்கத்துக்கு இப்படிப் போகலாம்: கண் மங்குவது அவருக்கே உறுதியாகத் தெரியும் நாள். பரிசோதனையை எப்படியாவது கடந்துவிட அவர் செய்யும் முதல் ஏமாற்று வேலை. பல வருட நண்பரான ஒரு சீன ஓட்டுநருக்கு விஷயம் தெரிந்துபோவது. அந்தி நேரத்தில், சாலையைக் கடக்கும் ஒரு பள்ளிப் பிள்ளை மயிரிழையில் தப்புவது. கடைசியில், அவரே மகளிடம் சொல்வது.

இந்த ஐந்துக்கும் நடுவில் என்ன நடக்கும் என்பது எழுத எழுதத்தான் தெரியும். முடிவுகூட மாறலாம். மகள் ஆரம்பத்திலிருந்தே தெரிந்து வைத்திருந்தாள் என்று பாதியில் உங்களுக்கே தோன்றலாம். தோன்றினால் அதன் பின்னால் போங்கள்.

படி 5: முதல் காட்சியை எழுதுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். புதிதாக எழுதுகிறவர் கையில் முதல் பக்கம் பெரும்பாலும் இப்படி வரும்:

"மாணிக்கம் மிகுந்த கவலையில் இருந்தார். பல ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டிவரும் அவருக்குச் சமீப காலமாகக் கண்பார்வை குறைந்து வந்தது. இதை மகளிடம் சொல்ல அவர் அஞ்சினார்."

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வாசகருக்கு இதில் வேலையே இல்லை, எல்லாவற்றையும் நாமே சொல்லி முடித்துவிட்டோம். அதே விஷயத்தை ஓர் இடத்தில், ஒரு நேரத்தில் நடக்க விட்டுப் பார்ப்போம்:

வீட்டுக்குள் நுழைந்ததும் மாணிக்கம் விளக்கைப் போட்டார். மணி ஐந்துதான் ஆகியிருந்தது.

"என்னப்பா, இந்த நேரத்துல லைட்டு?"

"இருட்டா இருந்துச்சு."

கவிதா சன்னல் பக்கம் திரும்பினாள். வெயில் சோபா வரைக்கும் வந்திருந்தது.

"உங்களுக்கு ஒரு லெட்டர் வந்துருக்கு. மேசை மேல வச்சிருக்கேன்."

"நீயே படிச்சுச் சொல்லும்மா. கண்ணாடிய இன்டர்சேஞ்சுல விட்டுட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

இதில் கவலை என்ற சொல்லே இல்லை. கண் கெட்டுவிட்டது என்றும் சொல்லவில்லை. வெயில் அடிக்கும்போது விளக்கைப் போடுகிறார், பையில் இருக்கும் கண்ணாடியை இல்லை என்கிறார், அவ்வளவுதான். மீதியை வாசகர் தானாகச் சேர்த்துக்கொள்கிறார். அப்படிச் சேர்த்துக்கொண்ட நிமிடமே அவர் மாணிக்கத்தோடு கூட்டுச் சேர்ந்துவிடுகிறார், அந்த இரகசியம் அவருடையதும் ஆகிவிடுகிறது. அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அடுத்த பக்கத்துக்கும் போவார்.

உங்கள் காட்சியை எழுதும்போதும் இப்படிச் செய்து பாருங்கள். உள்ளே வரும்போது உங்கள் ஆளுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே அவருக்கு வேண்டியது, மகள் எதையும் கவனிக்காமல் இருப்பது. வெளியே போகும்போது ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். இங்கே மகள் சன்னலைப் பார்த்துவிட்டாள். எதுவும் மாறாத காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் நாவலில் அதற்கு இடமில்லை.

நாவலின் முதல் காட்சியாக வருவதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பதும் இல்லை. எது கண்ணில் தெளிவாகத் தெரிகிறதோ அதை எழுதுங்கள். அலாரம் அடிப்பது, சன்னல் வழியே மழையைப் பார்ப்பது, கண்ணாடியில் முகம் பார்ப்பது என்று தொடங்கும் கதைகளை எல்லாரும் நிறையப் படித்துவிட்டார்கள். ஏற்கெனவே ஏதோ நடந்துகொண்டிருக்கும்போது உள்ளே நுழையுங்கள்.

படி 6: பேச்சு

சிங்கப்பூர்த் தமிழ் நாவலுக்கு ருசியைக் கொடுப்பதும் இதுதான், கெடுப்பதும் இதுதான்.

விவரிப்பு எழுத்துத் தமிழில், உரையாடல் பேச்சுத் தமிழில் என்பது பொதுவாகச் சரியாக வரும். ஆனால் எல்லாரையும் ஒரே பேச்சில் பேசவைக்கக் கூடாது. இங்கேயே பிறந்து வளர்ந்த மாணிக்கத்தின் தமிழில் மலாய் கலந்திருக்கும். அவருடன் வேலை செய்யும், புதுக்கோட்டையிலிருந்து வந்த இளைஞன் "அண்ணே" என்றுதான் ஆரம்பிப்பான், அவன் இழுத்துப் பேசும் இடம் வேறு. சென்னையிலிருந்து வந்து பதினைந்து வருடமாக இங்கே வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சு இன்னொரு மாதிரி. "அங்கிள்" என்று யார் கூப்பிடுகிறார்கள், "மாமா" என்று யார் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே உறவு தெரிந்துவிடும்.

மாணிக்கமும் சீன நண்பரும் எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள்? அந்தத் தலைமுறையில் பலர் பசார் மலாய் பேசுவார்கள். "சுடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்று நண்பர் ஒருமுறை கேட்டால் போதும். அதற்குப் பிறகு அவர்கள் பேச்சைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு போகலாம். வாசகர் அதை மலாயாகவே கேட்பார். முழுப் பக்கத்தையும் மலாயில் எழுதி அடிக்குறிப்பு போடுவது யாருக்கும் உதவாது. அந்த நண்பருக்கும் சொந்தமாக ஒரு கவலை, ஒரு வீடு, ஒரு பிடிவாதம் கொடுங்கள். பல இனக் கதை என்று காட்டுவதற்காக மட்டும் வந்து போகிற சீனரும் மலாய்க்காரரும் நம் நாவல்களுக்கு வேண்டாம்.

ஆங்கிலம் இன்னும் சிக்கல். கவிதா அலுவலகத்தில் முழுக்க ஆங்கிலம்தான் பேசுவாள். தமிழ் எழுத்தில் நீளநீளமாக ஆங்கில வாக்கியம் எழுதினால் கண் திணறும். நான் பரிந்துரைப்பது இது: வீட்டில் அவள் பேசும்போது நாக்கில் தானாக வரும் ஆங்கிலச் சொற்களை அப்படியே விடுங்கள். அலுவலகக் காட்சியில் "ஆங்கிலத்தில் கேட்டாள்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுச் சீரான தமிழில் எழுதுங்கள். வீட்டுப் பேச்சுக்கும் அலுவலகப் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் தொனியிலேயே தெரியும்.

ஒரு தனித் தாளில் எழுத்துக்கூட்டல் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். "ஈசூன்" என்றா "யீஷூன்" என்றா, "வச்சிருக்கேன்" என்றா "வெச்சிருக்கேன்" என்றா என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் கடைசிவரை அதுவே. ஊர்ப்பெயர்களுக்குத் தமிழ் முரசு எழுதும் முறையைப் பின்பற்றுவது எளிது.

எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் பாத்திரம் பேசவில்லை, நாம் பேசுகிறோம்.

படி 7: நேரமும் கணக்கும்

முதல் நாவலுக்கு 40,000 முதல் 50,000 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் ஏறத்தாழ இருநூறு பக்கம் வரும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குச் சொல்லப்படும் எண்ணிக்கையை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே மூன்று சொல்லாக இருப்பது நமக்குப் பல நேரம் ஒரே சொல்.

நாளைக்கு 300 சொல், வாரத்தில் ஐந்து நாள். வாரம் 1,500. முப்பது வாரத்தில் 45,000. வேலை, பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பு, பெற்றோரின் மருத்துவமனை அலைச்சல் எல்லாம் இருக்கிற ஒருவரால் ஆகக்கூடிய வேகம் இது. பாசிர் ரிஸிலிருந்து ஜூரோங் ஈஸ்ட்டுக்குத் தினமும் ரயிலில் போகிறவருக்குப் பயணத்திலேயே இது முடிந்துவிடும். உட்கார இடம் கிடைக்காவிட்டால் கைப்பேசியில் பேசியே பதிவு செய்யலாம். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் வசதி இப்போது கைப்பேசி விசைப்பலகையிலேயே இருக்கிறது. பிழையாகத்தான் வரும், பரவாயில்லை.

தட்டச்சுக்கு தமிழ் 99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்வது நல்லது. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குவதை விட விரல் குறைவாக வேலை செய்யும். கணினியில் தமிழ் என்பதற்கே இந்த ஊருக்கு ஒரு பங்கு உண்டு. 1997இல் தமிழ் இணைய மாநாடு நடந்தது இங்கேதான், அதற்கு முன்னின்றவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. நோட்டில் பேனாவால் எழுதத்தான் வருகிறது என்றால் அதுவும் சரி. எதில் எழுதினாலும் வாரம் ஒருமுறை ஒரு பிரதியை வேறெங்காவது சேமித்து வையுங்கள்.

படி 8: நடுவில் நின்றுபோகும்போது

நின்றுபோகும், அது நிச்சயம். 15,000 சொல் தாண்டியதும், எழுதியதெல்லாம் குப்பை என்று தோன்றும், இன்னொரு புதிய கதை மனத்தில் பளபளக்கும். புதியதை ஒரு வரியில் குறித்துவைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

பெரும்பாலும் நாவல் நிற்பதற்குக் காரணம், உங்கள் ஆளுக்கு நெருக்கடி போதவில்லை என்பதுதான். மாணிக்கம் பரிசோதனையைச் சுலபமாகக் கடந்துவிட்டால் கதை படுத்துவிடும். கல்யாணத்தை முன்கூட்டியே வைக்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் வந்து உட்காரட்டும். இரகசியம் தெரிந்த நண்பரை மேலதிகாரி கூப்பிட்டு விசாரிக்கட்டும். மாணிக்கத்துக்கு இரவு வேலை மாறட்டும். எல்லாப் பக்கமும் கதவு மூடும்போது அவர் என்ன செய்வார் என்பதில்தான் அவர் யாரென்று நமக்கே தெரியும்.

இன்னொரு காரணம், எழுதியதைத் திரும்பத் திரும்பத் திருத்துவது. முதல் அத்தியாயத்தைப் பத்து முறை மெருகேற்றியவர்களை எனக்குத் தெரியும், இரண்டாவது அத்தியாயம் வந்தபாடில்லை. நேற்று எழுதியதில் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு இன்றையதைத் தொடங்குங்கள். நாற்பதாவது பக்கத்தில் மகளின் வேலையை மாற்ற நினைத்தால், மாறிவிட்டது என்று ஓரத்தில் எழுதிவிட்டு முன்னே போங்கள். கடைசி வரி வரும்வரை திரும்பிப் பார்க்க வேண்டாம்.

படி 9: இரண்டாம் வரைவு

முடித்தபின் ஒரு மாதம் தொடாதீர்கள். அப்புறம் அச்செடுத்துத் தாளில் படியுங்கள், திரையில் தெரியாத சலிப்பு தாளில் தெரியும். முதல் சுற்றில் எழுத்துப்பிழையைப் பார்க்க வேண்டாம். எந்தக் காட்சியில் எதுவும் மாறவில்லை, எங்கே நாமே விளக்கம் சொல்லிவிட்டோம், எங்கே நட்சத்திரக் குறி இன்னும் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். முதல் அத்தியாயத்தை முழுதாக வெட்டிவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கினால் நாவல் நன்றாக இருக்கும் என்று பல நேரம் தெரியவரும். வலிக்கும், ஆனால் வெட்டுங்கள். ஒற்று, சந்தி எல்லாம் கடைசிச் சுற்றில் பார்த்தால் போதும்.

படி 10: படிக்கக் கொடுப்பது

மூன்று பேருக்குக் கொடுங்கள். நிறைய நாவல் படித்தவர் ஒருவர். பேருந்து ஓட்டியவர், அல்லது உங்கள் களத்தை உள்ளிருந்து அறிந்தவர் ஒருவர். நாவலே படிக்காத, ஆனால் உங்களிடம் பொய் சொல்லாத ஒருவர். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் பதில் வரும். "எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்?" என்று கேளுங்கள்.

தனியாக எழுதுவது கடினம், ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் 1976 முதல் இயங்குகிறது, அதன் கதைக்களம் நிகழ்ச்சியில் புதியவர்கள் கதையோடு வந்து பேசலாம். நூலகத்தில் கூடும் வாசகர் வட்டத்துக்குப் போனால், ஒரு நாவலைப் படித்தவர்கள் எதற்குக் கோபப்படுகிறார்கள், எங்கே உருகுகிறார்கள் என்று நேரிலேயே பார்க்கலாம். ஏப்ரலில் தமிழ் மொழி விழா, ஆண்டு இறுதியில் எழுத்தாளர் விழா. சிறுகதைக்கும் கவிதைக்கும் நான்கு மொழியிலும் நடக்கும் தங்கமுனை விருதுப் போட்டியும் உண்டு. நாவலிலிருந்து ஒரு காட்சியை எடுத்து, தனியே நிற்கும் சிறுகதையாக மாற்றி எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

வெளியிடுவதைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம், இரண்டு விஷயம் மட்டும் தெரிந்திருக்கட்டும். எழுதி முடித்த நிமிடத்திலிருந்தே பதிப்புரிமை உங்களுடையது, எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் வாழ்நாளுக்குப் பிறகும் எழுபது ஆண்டு அது செல்லும். நூலை நீங்களே இங்கே வெளியிட்டால் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் பெறலாம். புத்தகம் வந்த நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளை வாரியத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும்.